கீழ்நிலைப் பணியாளர் எழுதிக்கொள்வது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலக எய்ட்ஸ் தினத்தையொட்டித் தங்கள் டிசம்பர் இதழில் வந்த எச்.ஐ.வி. கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "கீழ்நிலைப் பணியாளர்கள் திரட்டித் தரும் எண்களைக் கொண்டு நிபுணர்கள் நோயின் போக்கைக் கணிக்கிறார்கள்" என்ற வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்படித்தான் அச்சாகியிருந்தது. 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து 2021-ல் ஓய்வு பெற்றவள் நான். இத்தனை நாளும் எந்தப் படியில் நின்றேன் என்பது எனக்கே தெரியாமல் போயிற்று. தெரிவித்தமைக்கு நன்றி.

கட்டுரையாளர் மெத்தப் படித்தவராக இருக்க வேண்டும். நாட்டில் இன்னும் சுமார் 25 லட்சம் பேர் தொற்றோடு இருக்கிறார்கள், ஆகவே எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் தோற்றுவிட்டது என்கிறார். அவர்கள் சாகவில்லை என்பதல்லவா அந்த எண்ணுக்குப் பொருள்? 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் என் பதிவேட்டில் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டுப் போட்டே கை மரத்துப்போனது. இன்று தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு பேரன் பேத்தி எடுக்கிறார்கள். புதிதாகத் தொற்றுவது 2010-க்குப் பிறகு நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருக்கிறது. இருப்பவர் கணக்கு வேறு, புதிதாக வருபவர் கணக்கு வேறு. இது தாங்கள் அறியாததல்ல.

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? எச்.ஐ.வி. கண்காணிப்பு ஆய்வில் ஒரு மையத்துக்கு 400 கர்ப்பிணிகளின் ரத்தம், வந்த வரிசைப்படி, மூன்று மாதத்துக்குள். வந்த வரிசை என்று எழுதுவது எளிது. வரவைப்பது யார்? மசக்கை வாந்தியைப் பித்தம் என்று மறைக்கிற பெண்ணை நாள் தள்ளிப்போன கணக்குக் கேட்டுப் பதிவு செய்து, மாமியாரிடம் கெஞ்சி, பஸ்ஸுக்குக் காசு இல்லையென்றால் கொடுத்து அனுப்பியவர்கள் நாங்கள்.

நான் வேலை பார்த்தது நாமக்கல் மாவட்டத்தில். லாரித் தொழில் ஊர். ஒரு காலத்தில் எச்.ஐ.வி. என்றால் எங்கள் மாவட்டத்தின் பெயர்தான் முதலில் அச்சாகும். பெண் கேட்டு வருகிறவர்கள்கூட யோசித்தார்கள். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று அரசு விளம்பரம் சுவரெல்லாம் கேள்வி கேட்டுவிட்டுப் போனது. பதிலை வீட்டுக்கு வீடு என்னிடம் கேட்டார்கள், அதுவும் டீக்கடை முன்னால் நிறுத்தி.

2006-ல் ஒரு லாரி டிரைவரின் மனைவிக்கு, தலைச்சூல், எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கிற நம்பிக்கை மையத்தில் தொற்று தெரிந்தது. அவள் சம்மதத்தோடுதான் ஆலோசகர் என்னிடம் சொன்னார். அந்த வீட்டுக்கு நான் அடிக்கடி போனால் ஊர் மோப்பம் பிடித்துவிடும். அதனால் தெரு முழுவதும் போனேன். அந்த ஒரு வாசலை மறைக்க மற்ற வாசல்களிலெல்லாம் குழந்தைகளுக்கு எடை பார்த்தேன், கிழவிகளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். "ஏனுங்க நர்சம்மா, எங்க தெரு மேல மட்டும் அப்படி என்ன பாசம்?" என்று சிரித்தார்கள். ஒரே தெருவுக்கு ஒரு மாதத்தில் 14 முறை எதற்குப் போனாய் என்று மேலிடம் விளக்கம் கேட்டது. மாத அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

வலி எடுத்ததும் பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சீட்டைப் பார்த்ததும் கட்டில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அரசு மருத்துவமனைக்குப் போகிற வழியில் ஆட்டோவில் வைத்துத்தான், பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கிற நெவிரபின் மாத்திரையைக் கொடுத்தேன். குழந்தைக்கு 72 மணி நேரத்துக்குள் சொட்டு மருந்து போயிற்று. அடுத்த சண்டை, பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்புத் தொட்டு வைக்கிற சேனைக்கு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், சர்க்கரைத் தண்ணீர்கூடக் கூடாது, தாய்ப்பாலும் மற்றதும் கலந்தால் தொற்றும் ஆபத்து கூடும் என்பது எனக்குத் தெரியும். காரணத்தை மட்டும் மாமியாரிடம் சொல்ல முடியாது. "ஊர் வழக்கத்தையே மாத்தறீங்களாக்கும்" என்று அந்தம்மா என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

வழக்கமான ரத்தச் சோதனை பார்ப்பது கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை; தாயினுடையது குழந்தை ரத்தத்திலும் தங்கியிருக்கும். 18 மாதம் ஆனால்தான் முடிவு தெரியும். ஆறாவது வாரத்திலேயே ரத்தச் சொட்டைக் காகிதத்தில் எடுத்துப் பார்க்கும் முறை அப்போது எங்களுக்கு வந்திருக்கவில்லை. அந்த 18 மாதமும் பையனுக்குச் சளி பிடித்தால் எனக்குத் தூக்கம் போகும். முடிவு நெகட்டிவ். இப்போது கல்லூரியில் படிக்கிறான். எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்கிறான், அவ்வளவுதான். காரணம் அவனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

மருந்தே இல்லாவிட்டால் இப்படிப் பிறக்கிற நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றிவிடும். ஒழுங்காக மருந்து கொடுத்தால் ஐந்துக்கும் கீழே. அந்த வித்தியாசத்தை உங்கள் கட்டுரை வண்ணப் படமாகப் போட்டிருந்தது. படம் அழகாகவே இருந்தது.

கையில் ஊசி ஏறி, தொற்றாமலிருக்க 28 நாள் மாத்திரை விழுங்கி, வாந்தியோடு கிடந்தபோது விடுப்புக்கு விளக்கம் கேட்டு வந்த மெமோ இன்னும் என் பீரோவில் இருக்கிறது. குடியிருக்கக் கொடுத்த துணை சுகாதார நிலையத்தில் மழைக்குத் தடுப்பூசிப் பெட்டியை என் கட்டிலில் வைத்துவிட்டு நான் தரையில் படுத்ததையும் எழுதினால் நீங்கள் இடமில்லை என்பீர்கள்.

1986-ல் இந்தியாவில் இந்தத் தொற்றைக் கண்டுபிடித்தவர் என்று டாக்டர் சுனிதி சாலமனைக் குறிப்பிட்டிருந்தீர்கள். முற்றிலும் தகும். ஆனால் சென்னையில் பெண்கள் காப்பகத்துக்கு நேரில் போய் அந்த ரத்த மாதிரிகளை எடுத்து, வேலூர் வரை கொண்டுபோன மாணவி செல்லப்பன் நிர்மலாவின் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. ரத்தம் எடுக்கிற கை உங்களுக்கு என்றைக்குமே கண்ணில் படாது போலிருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், "கீழ்நிலைப் பணியாளர்கள் என்பதைக் கிராம சுகாதார செவிலியர்கள் என்று திருத்தி வாசிக்கவும்" என்று ஒரு வரி போடுங்கள். பொடி எழுத்தானாலும் சரி.

என் பெயரையும் ஊரையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம். அந்தத் தெருக்காரர்களும் உங்கள் இதழ் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
நாமக்கல் மாவட்டம்