ஃபீஸ் கவுன்ட்டரில் இருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அம்மா ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, பேச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. "எங்க மாசசூசெட்ஸ்ல இப்ப கம்யூனிட்டி காலேஜ் எல்லாருக்கும் ஃப்ரீப்பா. டாக்டர் வீட்டுப் பையனுக்கும் சேர்த்து அரசாங்கம் ஏன் ஃபீஸ் கட்டணும்? காசு கட்டிப் படிச்சாத்தானே அதோட அருமை தெரியும்?" என்று கேட்டாய். மூன்று நாளாக அது மனதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் குரலை உயர்த்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

இங்கே டென்னசியில், இரண்டு வருஷப் படிப்புத் தரும் அதே மாதிரியான ஒரு கம்யூனிட்டி காலேஜின் ஃபீஸ் கவுன்ட்டரில் நான் உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. உன்னிடம் ஒரு நாளைப் பற்றி இதுவரை சொன்னதில்லை. 2012 ஆகஸ்ட். செமஸ்டர் தொடங்குவதற்கு முன் ஒரு கெடு நாள் உண்டு. அன்று மாலை ஐந்து மணிக்குள் கட்டணமோ முதல் தவணையோ வராத பிள்ளைகளின் பெயர் வகுப்புப் பட்டியலில் இருந்து தானாகவே நீங்கிவிடும். நாலரை மணிக்கு ஒரு பையன் அவன் அம்மாவோடு வந்தான். அந்த அம்மா ஹோட்டல் யூனிஃபார்மிலேயே வந்திருந்தார், மார்பில் பெயர் அட்டையைக்கூடக் கழற்றவில்லை. நோட்டுகளை எண்ணி வைத்தார். முதலில் இருபது டாலர் தாள்கள், பிறகு ஐந்து, ஒன்று. கடைசியில் ஒரு ஜிப்லாக் பையில் சில்லறை. விரலால் நான்கு நான்காக ஒதுக்கி எண்ணினார். முதல் தவணைக்கு முப்பத்தெட்டு டாலர் குறைந்தது. "நாளைக்குச் சம்பளம், நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டார். நாளைக்கு அந்தப் பெயர் இருக்காது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அரசின் பெல் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தீர்களா என்று கேட்டேன். அதற்கு நிரப்புகிற ஃபாஃப்சா படிவத்தைத்தான் சொல்கிறேன், நீயும் நானும் சமையலறை மேசையில் உட்கார்ந்து நிரப்பினோமே, அதுதான். அவர் அதை நிரப்பவே இல்லை. கடன் வாங்குகிற படிவம் என்று நினைத்துப் பயந்துவிட்டாராம். அவருடைய சம்பளத்துக்கு அநேகமாகக் கட்டணம் முழுவதும் அதிலேயே கிடைத்திருக்கும். அடுத்த செமஸ்டருக்குச் செய்யலாம் என்று பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பையன் அதற்குப் பிறகு வரவே இல்லை. அன்று என் பர்ஸில் அறுபது டாலர் இருந்தது, தம்பி. விதி இடம் கொடுக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். காசு கட்டினால்தான் அருமை தெரியும் என்று நீ சொன்னபோது, சில்லறையை ஒதுக்கிய அந்த விரல்கள்தான் கண்முன் வந்தன.

உதவி இல்லாமல் இல்லை. அந்த வீட்டு வாசல் வரைக்கும் அது போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். "வருமானத்தைக் காட்டு, தகுதி இருந்தால் தருகிறோம்" என்று சொன்னால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். "உனக்கு இலவசம், வா" என்று ஒரே வார்த்தையில் சொன்னால் வருகிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2014-இல் இங்கே, ஹைஸ்கூல் முடித்தவர்களுக்கு இரண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ் இலவசம் என்கிற டென்னசி பிராமிஸ் சட்டமானது. கொண்டுவந்த கவர்னர் பில் ஹாஸ்லம் குடியரசுக் கட்சிக்காரர் என்பதை மறக்காதே, இது ஏதோ ஒரு கட்சியின் கோஷம் இல்லை. 2015-இல் ஹைஸ்கூல் முடித்த உங்கள் செட்தான் அதில் முதல் செட். அந்த ஜனவரியில் ஒபாமா நம்ம மாநிலத்து நாக்ஸ்வில்லுக்கே வந்து, நாடு முழுக்க இதைச் செய்யலாம் என்று பேசினார். டிவியில் சேர்ந்து பார்த்தோம். அந்த இலையுதிர் காலத்தில் மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ்களில் புதிதாகச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய கால் பங்கு கூடியது. என் கவுன்ட்டருக்கு முன்னால் நின்ற முகங்களே மாறிவிட்டன. வீட்டில் இதுவரை யாரும் காலேஜ் வாசல் மிதிக்காத பிள்ளைகள், எந்த வரிசையில் நிற்பது என்றுகூடத் தெரியாமல் நின்றார்கள்.

சரி, டாக்டர் வீட்டுப் பையனுக்கு வருகிறேன். அவன் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் இலவசமாகப் படிக்கும்போது யாரும் கேட்கவில்லையே? பன்னிரண்டில் கோடு போட்டது யார்? 1910-இல் இந்த நாட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூட ஹைஸ்கூல் முடிக்கவில்லை. ஊருக்கு ஊர் வரி போட்டுப் பள்ளிக்கூடம் கட்டினார்கள், 1940-இல் ஏறக்குறைய பாதிப் பேர் முடித்தார்கள். 1947-இல் ட்ரூமன் அமைத்த கமிஷன், பதினான்காவது ஆண்டு வரை, அதாவது காலேஜில் முதல் இரண்டு வருஷமும், எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டது. கலிஃபோர்னியாவில் 1984 வரை கம்யூனிட்டி காலேஜில் கட்டணமே கிடையாது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 1976 வரை கிடையாது, நகரம் திவாலாகும் நிலைக்குப் போனபோதுதான் போட்டார்கள். இருந்ததை எடுத்துவிட்டு, திரும்பக் கேட்பவனைப் பேராசைக்காரன் என்கிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. நீ யுனிவர்சிட்டியில் படித்த நான்கு வருஷமும் ஹோப் ஸ்காலர்ஷிப் வந்தது. அதற்கு வருமான வரம்பு இல்லை, மார்க்கு இருந்தால் போதும். அம்மா நர்ஸ், நான் கிளார்க், இரண்டு சம்பளம் வருகிற வீடு நம்முடையது. அந்தப் பணத்தால் உனக்குப் படிப்பின் அருமை குறைந்ததா? ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து நீ படித்ததைப் பார்த்தவன் நான். அதுவும் நம்ம மாநில லாட்டரிப் பணம், தம்பி. பிராமிஸுக்கு மூலதனமாகப் போட்ட 30 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையும் லாட்டரி நிதியில் சேர்ந்திருந்ததுதான். பெட்ரோல் பங்கில் சம்பள நாளன்று சுரண்டிப் பார்க்கும் லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்கள் யார் என்று உனக்கும் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் ஊர் செய்ததே எனக்குச் சரியாகப் படுகிறது. 2022-இல் ஓட்டுப் போட்டு, வருஷம் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு, அந்த மேல் தொகைக்கு நாலு சதவீதம் கூடுதல் வரி போட்டார்கள். அந்தப் பணத்தில் இருந்துதான் 2024-இல் பதினைந்து கம்யூனிட்டி காலேஜ்களும் இலவசமாயின. அந்த வரி உன் சம்பளத்தைத் தொடுவதே இல்லை.

ஆனால் நீ கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பிராமிஸ் கடைசியில் வந்து ஒட்டுகிற பணம். பெல் உள்ளிட்ட மற்ற உதவிகள் முதலில் கழிந்து, மீதி ஏதாவது இருந்தால்தான் அது கட்டும். கம்யூனிட்டி காலேஜின் கட்டணம் நாட்டுச் சராசரியில் வருஷம் நாலாயிரம் டாலர் போல. பெல் அதிகபட்சம் 7,395 டாலர். ஆக, மிக ஏழையான பிள்ளைக்கு பிராமிஸில் இருந்து ஏறக்குறைய எதுவும் வராது, நடுத்தர வீட்டுப் பிள்ளைக்குத்தான் வரும். ஏழைப் பிள்ளையின் பெல் பணம் ஃபீஸுக்கே பெரும்பாலும் போய்விடுகிறது. ஃபீஸை அரசு முதலிலேயே கட்டிவிட்டால் அந்த 7,395-ம் வாடகைக்கும் பெட்ரோலுக்கும் புத்தகத்துக்கும் இருக்கும். இந்த வரிசையைத்தான் மாற்ற வேண்டும். நீ சொல்வதுபோல் டாக்டர் வீட்டுப் பிள்ளையை வாசலில் நிறுத்துவதற்காக மறுபடி ஒரு வருமானப் படிவத்தை வைத்தால், முதலில் நிற்கப்போவது அந்த ஹோட்டல் யூனிஃபார்ம் அம்மாதான்.

வாடகை, பெட்ரோல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளைகள் பாதியில் விடுவதற்கு ஃபீஸ் மட்டும் காரணம் இல்லை. போன பிப்ரவரியில் ஒரு பெண் படிப்பை நிறுத்தும் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஃபீஸ் பாக்கி ஒரு சென்ட்கூட இல்லை. காரில் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. வீட்டுக்கும் காலேஜுக்கும் நாற்பது மைல், பஸ் கிடையாது. நர்ஸிங்குக்கு வேண்டிய பாடங்களில் இரண்டே இரண்டு பாக்கி. கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை, என் பேனாவைக் கொடுத்தேன். நியூயார்க்கில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2007-இல் நகரப் பல்கலைக்கழகத்தில் ஏசாப் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். மிச்சக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ததோடு சப்வே, பஸ் போக மாத பாஸ், புத்தகம், ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்கிற ஓர் ஆலோசகர், இத்தனையும் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்துப் பார்த்தபோது, திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் மூன்று வருஷத்தில் பட்டம் வாங்கினார்கள், இல்லாதவர்களில் 22 சதவீதம். ஒரு பஸ் பாஸும் கூப்பிட்டுக் கேட்க ஒரு ஆளும் சேர்ந்து செய்த வேலை அது.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. நம்ம ஊர் எட்டயபுரத்துக்குப் பக்கம் என்பது உனக்குத் தெரியும். உன் ஆச்சி தீப்பெட்டி ஒட்டினாள், குரோஸ் கணக்கில், அதாவது பன்னிரண்டு டஜனுக்கு இவ்வளவு என்று கூலி. நான் ஒட்டினால் இன்னும் இரண்டு குரோஸ் கூடும். அப்படியிருந்தும் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள் என்றால், மத்தியானம் அங்கே ஒரு தட்டு கிடைத்தது என்பதால்தான். கோதுமைச் சோறு, சில நாள் மஞ்சள் சோள உப்புமா. அது அமெரிக்கக் கோதுமை என்று எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டால் பிள்ளை வந்துவிடும் என்று காமராஜர் நினைத்துவிட்டு உட்காரவில்லை. பசியோடு வருகிற பிள்ளை உட்காராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1956-இல் மதிய உணவைத் தொடங்கிவைக்க எட்டயபுரத்துக்கே வந்தார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வரிசை, ஒரே தட்டு. யார் வீட்டில் எவ்வளவு என்று என் வாத்தியார் கேட்டிருந்தால், உன் ஆச்சி கூச்சப்பட்டே என்னை நிறுத்தியிருப்பாள்.

அதனால் உங்கள் ஊர் சட்டத்தைக் குறை சொல்வதற்கு முன் அதை முழுசாகப் படி. 2024-இல் அது வந்தபோது, வருமானம் குறைந்தவர்களுக்குப் புத்தகத்துக்கும் மற்ற செலவுக்கும் 1,200 டாலர் வரை அதில் இருந்தது. எனக்கு அது போதவில்லை, ஆனாலும் வழி சரி. 2021-இல் பைடன் நாடு முழுக்க இரண்டு வருஷம் இலவசம் என்று 10,900 கோடி டாலர் கேட்டார். அக்டோபருக்குள் பேரத்தில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று அம்மா இன்றும் சொல்வாள்.

இன்னும் எழுதலாம், ஆனால் ஒரு வேலை இருக்கிறது. நான் பிராமிஸ் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாகப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேனே, இந்த வருஷம் ஆறு பேர். காலேஜ் திறக்கும் முன் எட்டு மணி நேரம் சமூக சேவை செய்து கணக்குக் காட்ட வேண்டும், ஜூலை 1 கெடு. ஐந்து பேர் முடித்துவிட்டார்கள். ஒருத்திக்கு இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி, மெசேஜுக்குப் பதில் இல்லை. சனிக்கிழமை காலையில் உணவு வங்கியில் டின் அடுக்கும் வேலை இருக்கிறது, வண்டி இல்லையென்றால் நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று அவள் அம்மாவிடம் இப்போது போன் செய்து சொல்லப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா