நண்டு தேடும் நீர்நாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீர்நாய் என்றதும் வாளை மீனைக் கவ்வும் மருதநிலத்து விலங்கே நம் நினைவுக்கு வருகிறது. நீலகிரி, ஆனைமலை ஓடைகளில் வாழும் சிறுநக நீர்நாயை அறிந்தவர் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம் தருகிறது. உலகிலுள்ள நீர்நாய்களுள் மிகச் சிறியது இதுவே. எடை 5 கிலோவைத் தாண்டுவது அரிது. நகங்கள் விரல் நுனியைக்கூடத் தாண்டாதபடி குட்டையாக இருப்பதால், கலங்கிய நீரிலும் கல்லிடுக்குகளில் விரல்களால் துழாவி நண்டைப் பிடித்து, அகன்ற கடைவாய்ப் பற்களால் ஓட்டோடு நொறுக்கித் தின்கிறது. பாறைமேல் கிடக்கும் எச்சத்தில் நண்டோட்டுத் துணுக்குகள் தெரிந்தால், அங்கு ஒரு குடும்பம் இரவில் வந்து போனதாகக் கொள்ளலாம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது இடம்பெற்றுள்ளது. 2019இல் இதன் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டது. ஆயினும் தேயிலைத் தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி மழைநீரோடு ஓடையில் இறங்கி நண்டுகளை அழித்தால், சட்டம் மட்டும் இதற்கு இரை தராது. ஓடைக்கரைப் புதர்களையும் மரங்களையும் வெட்டாமல் விடுவதையும், கரையோரம் மருந்து தெளிக்காதிருப்பதையும் தோட்ட நிர்வாகங்கள் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி