தண்ணீரைக் கொட்டு, குழந்தையைப் பிடி

வேலூர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. பிரசவத்துக்கு வந்த மகள் இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். பேத்திக்கு மூன்று மாதம்.

நீ கேட்ட ஆங்கிலச் சொலவடைக்கு வருகிறேன். 'குளிப்பாட்டிய தண்ணீரோடு குழந்தையையும் கொட்டிவிடாதே' என்பார்கள். வேண்டாததைக் கழிக்கிற வேகத்தில் வேண்டியதையும் தொலைத்துவிடாதே என்று அர்த்தம். அது ஜெர்மனிலிருந்து போனது. 1512-ல் தாமஸ் முர்னர் என்ற துறவி எழுதிய நையாண்டி நூலிலேயே, ஒரு பெண் தொட்டியைக் கவிழ்க்கிற படத்தோடு இருக்கிறது.

நமக்கு அது சட்டென்று பிடிபடாது. நம் வீடுகளில் ஏது தொட்டி? இன்று காலைகூட என் மனைவி கொல்லையில் மணை போட்டு உட்கார்ந்து, கால் இரண்டையும் நீட்டி, பேத்தியைக் குப்புறக் கிடத்தி வெந்நீரை மொண்டு ஊற்றினாள். தண்ணீர் அதுபாட்டுக்கு வாழைக்கு ஓடியது. குழந்தை கால்மேல் பத்திரமாக இருந்தது. நாம் 'மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே' என்போம்.

ஆனால் பாலாற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு அதன் பொருளைச் சொல்லித் தரவே வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போன நாட்களை நீயும் பார்த்தாய். அதைக் கெடுத்த டேனரிகளை, அதாவது தோல் பதனிடும் ஆலைகளை, மொத்தமாக மூடு என்று ஒரு பக்கம். அதுதான் எங்கள் சோறு என்று மறுபக்கம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் அன்னியச் செலாவணியும் வேலையும் தருகிறதுதான், அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்றது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்தால் நடத்தலாம், இல்லாவிட்டால் மூட வேண்டும். தண்ணீரையும் குழந்தையையும் பிரித்துப் பார்த்த தீர்ப்பு அது என்று நான் மனதார நம்புகிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் தாமஸ் கார்லைல் இந்தச் சொலவடையை ஆங்கிலத்தில் எடுத்தாண்டது எதற்குத் தெரியுமா? அடிமை முறையில் உள்ள கெடுதல்களை மட்டும் நீக்கிவிட்டு, முறையை வைத்துக்கொள்ளலாம் என்று வாதாட! படித்ததும் மனம் கசந்துபோனது. அதிலிருந்து யாராவது இதைச் சொன்னால், எதைக் குழந்தை என்கிறாய் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

சரி, பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? தங்கச்சியையும் அழைத்து வா. பேத்திக்கு அதற்குள் கழுத்து நன்றாக நின்றுவிடும், தைரியமாகத் தூக்கலாம்.

அன்புடன்,
உன் நண்பன்