பதினைந்து வயதின் முடிவுக்கு ஒரு வாரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியானதும், தேர்ச்சி விழுக்காடு, மாவட்டங்களின் வரிசை, நூற்றுக்கு நூறு எடுத்தோர் எண்ணிக்கை ஆகியவை குறித்து விரிவான செய்திகள் வருகின்றன. அதற்கு அடுத்த வாரம் பள்ளிகளில் நடப்பதைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. அந்த வாரத்தில்தான் பதினைந்து வயதுப் பிள்ளைகள் பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவில், அதாவது எந்த 'குரூப்'பில், சேர்வது என்பது முடிவாகிறது. பின்னாளில் அவர்கள் எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், எதற்கு விண்ணப்பிக்கவே முடியாது என்பதில் பெரும்பகுதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருந்து, பல ஆண்டுகள் சேர்க்கைக் குழுவில் அமர்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பல பள்ளிகளில் சேர்க்கை நடக்கும் முறை எளியது. ஐந்நூற்றுக்கு எத்தனை என்ற மொத்த மதிப்பெண்ணை வைத்து ஒரு பட்டியல் போடப்படுகிறது. மேலே இருப்பவர்களுக்கு ஃபர்ஸ்ட் குரூப் எனப்படும் கணிதம், இயற்பியல், வேதியியல் பிரிவு. அதற்கு அடுத்து தாவரவியல், விலங்கியல் கொண்ட பியூர் சயின்ஸ். அதற்கும் கீழே வணிகவியலும் கணக்குப்பதிவியலும். கடைசியில் மிஞ்சுபவர்களுக்குக் கலைப் பிரிவும் தொழிற்கல்விப் பிரிவும். இடங்கள் குறைவு, ஆசிரியர்கள் குறைவு என்பதால் பள்ளிகளுக்கும் வேறு வழி தெரிவதில்லை. ஆனால், மொழிப் பாடங்களையும் சமூக அறிவியலையும் சேர்த்துக் கூட்டிய ஒரு தொகை, அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வருமா, வரைபடம் போட வருமா, வழக்காட வருமா என்பதைச் சொல்லாது. பாடவாரியான மதிப்பெண் அதே சான்றிதழில் இருக்கிறது. அதைப் படித்துப் பார்க்கும் நேரம்தான் சேர்க்கை மேசையில் கிடைப்பதில்லை.

ஒரு மாணவியைக் குறிப்பிட வேண்டும். கணிதத்தில் 94, அறிவியலில் 81. ஆங்கிலத்தில் 43, தமிழிலும் சமூக அறிவியலிலும் அறுபதையொட்டி. மொத்தம் 341. அந்த ஆண்டு அந்தப் பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப்புக்கு வைத்திருந்த எல்லை 375. "அறிவியல் வேண்டுமென்றால் பியூர் சயின்ஸில் இடம் இருக்கிறது" என்றார்கள். கட்டட வேலைக்குப் போகும் அவளுடைய அப்பா, "நீங்க எது குடுத்தாலும் சரிங்க சார், பொண்ணு படிச்சாப் போதும்" என்று கையெழுத்துப் போட்டார். அவளுக்கு மிக நன்றாக வந்த ஒரே பாடம் அந்தக் கையெழுத்தோடு அவள் படிப்பிலிருந்து போய்விட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, நல்ல மதிப்பெண்ணோடு பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, பொறியியல் கலந்தாய்வுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்க வந்தபோதுதான், கணிதம் படிக்காதவர் அதற்கு விண்ணப்பிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் தரவரிசை கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படுவதை ஊரில் எல்லாரும் அறிவார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். முதல் தலைமுறையாகப் பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒரு வீட்டில் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அவளைப் போன்றவர்களுக்காகவே திறந்துவைத்த அந்த வழி, பதினோராம் வகுப்புச் சேர்க்கை நாளிலேயே அவளுக்கு அடைபட்டுவிட்டது.

எந்தப் பிரிவு எதை அடைக்கிறது என்பதைப் போலவே, எது எதை அடைப்பதில்லை என்பதும் சொல்லப்பட வேண்டும். வணிகவியல் எடுத்தால் வங்கி வேலைக்கு மட்டுமே போகலாம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல்நிலைத் தேர்வை எந்தப் பிரிவில் படித்தவரும் எழுதலாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் பிரிவு ஒரு தடையில்லை. தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் தரைப்படைப் பிரிவுக்கு எந்தக் குரூப்பும் போதும். கடற்படைக்கும் விமானப்படைக்கும்தான் இயற்பியல், வேதியியல், கணிதம் தேவை. சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். பட்டப்படிப்புக்கு, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பை எந்தப் பிரிவில் முடித்தவரும் அதன் தகுதிநிலையைக் கடந்து சேரலாம். உயிரியல் படித்தவர்களுக்கு நீட் தேர்வைத் தவிர வழியில்லை என்ற அச்சமும் தவறானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே மாணவர்களைச் சேர்க்கின்றன. இயற்பியல், வேதியியலோடு கணிதம் மட்டும் படித்து, பின்னர் மருத்துவத்தின் மீது விருப்பம் கொண்டவர்கள் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்று நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்ததும் பெரும்பாலான பள்ளிகளைச் சென்றடையவில்லை. இவை எவையும் இரகசியங்கள் அல்ல. அந்தந்த நிறுவனத்தின் விளக்கக் குறிப்பேட்டில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், இருப்பவைதாம்.

பத்தாம் வகுப்போடு பிரியும் பாதைகளின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆக, பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ.க்குப் போன பிள்ளையும், விரும்பினால், பொறியியல் பட்டம் வரை போக முடியும். வழியிலேயே கைத்தொழிலும் கற்றிருக்கும். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் ரூ.1,000 உதவித்தொகை இப்படிப்புகளுக்கும் உண்டு. அப்படியிருந்தும், "படிப்பு வராதவனை ஐ.டி.ஐ.க்கு அனுப்பு" என்ற பேச்சு ஆசிரியர் அறைகளிலேயே புழங்குகிறது. நான் குறிப்பிட்ட மாணவிக்கு, பத்தாம் வகுப்பு முடித்த அந்த மே மாதத்தில் அரசு பாலிடெக்னிக் ஒன்றின் பெயரை யாராவது சொல்லியிருந்தால் அவள் பாதையே வேறாக இருந்திருக்கும். மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவையும் இங்கே நினைக்கிறேன். பொறியியல் கலந்தாய்வில் அப்பிரிவினருக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதை நடத்த ஆசிரியர் இல்லாமல் பல பள்ளிகளில் அப்பிரிவே மெல்ல மறைந்துவருகிறது.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபர்ஸ்ட் குரூப் என்ற பெயரே அதைப் பரிசாகவும் மற்றவற்றைத் தண்டனையாகவும் ஆக்கிவிட்டது. நானூற்றுக்கு மேல் எடுத்த பையன் கணக்குப்பதிவியல் படிக்க விரும்புகிறேன் என்றால், வீட்டில் பெரியப்பா முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை வந்து அவன் மனத்தை மாற்றுகிறார்கள். அப்படி மாற்றப்பட்டவர்களில் சிலர் பதினோராம் வகுப்பின் முதல் இடைத்தேர்வில் இயற்பியலிலும் கணிதத்திலும் ஒற்றை இலக்க மதிப்பெண்ணோடு, யாரிடமும் எதுவும் பேசாமல், கடைசி வரிசைக்குப் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். பெற்றோரின் ஆசையில் தவறில்லை. பிள்ளையின் விருப்பத்தையும் பாடவாரி மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு அந்த ஆசை பேசட்டும் என்பதே என் வேண்டுகோள்.

வழிகாட்டுதல் வேண்டும் என்பது புதிய கருத்தன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியாரின் தலைமையில் 1952-53-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, மாணவரின் நாட்டத்துக்கேற்பப் பல்வகைப் பாடப்பிரிவுகள் வேண்டும் என்றதோடு, பயிற்சி பெற்ற வழிகாட்டு அலுவலர்களும் தொழில் வழிகாட்டி ஆசிரியர்களும் எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் அதன் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளும் உண்மையிலேயே நல்ல பணி செய்கின்றன. அவற்றால் கல்லூரிக்குப் போன பிள்ளைகளை அறிவேன். ஆயினும் அவற்றின் பெரும் கவனம் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்கள் மீது இருக்கிறது. குரூப் முடிவாகி இரண்டாண்டு கழிந்தவரிடம் எல்லாப் படிப்புகளையும் பட்டியலிட்டுக் காட்டினால், அவற்றில் பாதி அவருக்கு உரியதாக இருக்காது. அதே உழைப்பு ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பின் முதல் பருவத்திலும் செலவிடப்பட வேண்டும்.

இவ்வாண்டே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2017-18-இல் வந்தது. மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 முதல் அது கைவிடப்பட்டுவிட்டது. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்ப வேண்டிய அவசரம் இருந்தவரை, ஆண்டின் நடுவில் பிரிவு மாறுவதை அனுமதிக்கத் தலைமையாசிரியர்கள் தயங்கியதில் நியாயம் இருந்தது. இன்று பதினோராம் வகுப்புத் தேர்வு பள்ளியளவில் நடப்பதால் அந்தத் தடை விலகியிருக்கிறது. முதல் இடைத்தேர்வு முடியும் வரை, இயன்றால் காலாண்டுத் தேர்வு வரை, மாணவர் விரும்பினால் பிரிவு மாறலாம் என்று பள்ளிக் கல்வித் துறை தெளிவாக ஆணையிட வேண்டும். விரும்பும் பிரிவு தம் பள்ளியில் இல்லையென்றால், பக்கத்திலுள்ள எந்த அரசுப் பள்ளியில் அப்பிரிவில் இடம் இருக்கிறது என்ற பட்டியலும் சேர்க்கை மேசையிலேயே இருக்க வேண்டும். டி.சி.யை வாங்கிக்கொண்டு ஊர் ஊராக விசாரிக்கப் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போகிறது.

மொத்த மதிப்பெண் எல்லையையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். கணிதப் பிரிவுக்குக் கணிதமும் அறிவியலும் முதன்மையாகப் பார்க்கப்படட்டும். ஆங்கிலத்தில் பின்தங்கியதற்காகக் கணிதம் பறிபோக வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டோடு, ஒவ்வொரு பிரிவுக்குப் பின்னும் எந்தெந்தப் படிப்புகள் உண்டு, எவை இல்லை என்பதைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்தால், தேர்வு முடிந்து முடிவு வரும் வரையிலான வாரங்களில் அது வீட்டில் பேசப்படும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு விண்ணப்பம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்காக ஆண்டுதோறும் வழிகாட்டிப் பக்கங்களை வெளியிடுகிறீர்கள். அவற்றில் இரண்டு பக்கங்களையேனும் ஏப்ரல் மாதத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காக ஒதுக்கி, அருகிலுள்ள அரசு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ.களின் சேர்க்கை விவரங்களோடு மாவட்டப் பதிப்புகளில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.