சூனியக்காரி ஏன் எப்போதும் கறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மந்திரக் கதைகள் வேண்டாம், மூடநம்பிக்கை வளரும் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரியும் என்று கேட்டே வளரும் வன்னிப் பிள்ளைகளை மந்திரம் கெடுத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குப் பயம், கதை யாரை வெறுக்கச் சொல்லிக்கொடுக்கிறது என்பதில்தான்.

கிளிநொச்சிக்குப் பக்கத்துக் கிராமமொன்றின் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். நம் சிறுவர் கதைகளில் கெட்டவளைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இரண்டு வரி போதும். கறுப்பு, கூன், காட்டுக்குள் தனிக் குடிசை என்றால் சூனியக்காரி. தேவதை வெள்ளை. வெயிலில் கச்சான் பிடுங்கிக் கறுத்த அம்மம்மாமார் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் இதை வாசிக்கிறார்கள்.

வற்றாப்பளைக் கதையில் கண்ணகியே கிழவியாகத்தான் வருகிறாள். மாடு மேய்த்த சிறுவர்கள் அவளைத் துரத்தவில்லை. பொங்கிக் கொடுத்தார்கள். எண்ணெய் இல்லையென்றதும் அவள் சொன்னபடி கடல்நீரில் விளக்கேற்றினார்கள். அவளுக்குப் பேன் பார்க்கக் குனிந்தால் அவள் தலை முழுக்கக் கண்கள்! இப்படியொரு கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் இன்னும் கூன்கிழவியைப் பேயாக்கிக்கொண்டிருக்கிறோம்?

பிறப்பை வைத்து ஒதுக்குவதும் இதே வேலைதான். 1998இல் வந்த இரண்டாவது ஹரி பொட்டர் புத்தகத்தில், மந்திரம் அறியாத பல் வைத்தியர்களின் மகளான ஹெர்மயனியை ஒரு மாணவன் ‘சேற்று இரத்தம்’ என்று பொருள்படும் சொல்லால் ஏசுகிறான். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். இந்த இடத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தபோது, பின்வரிசையில் இருந்த ஏழாம் தரப் பிள்ளை, “எங்களைத் தோட்டக்காட்டார் எண்டு சொல்லுற மாதிரியோ, ரீச்சர்?” என்று கேட்டாள்.

அவளுடைய தாத்தா 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். அப்படி வந்தவர்கள் வன்னியில் நிறையப் பேர். ஊரோடு சேர்ந்து இடம்பெயர்ந்தார்கள், சேர்ந்து திரும்பினார்கள். மலையகத்திலிருந்து வந்தவர்களை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல் மட்டும் இன்னும் போகவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பையன், “நானும் சொல்லியிருக்கிறன்” என்றான். அவளைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். நான் எத்தனை தடவை புத்திமதி சொல்லியும் வராத பேச்சு அது.

ஏச்சு வரும் இடங்களை வெட்டிவிட்டுக் கொடுக்கலாமே என்று ஒரு பெற்றோர் கேட்டார். வெட்டியிருந்தால் அந்தப் பிள்ளை வாயே திறந்திருக்கமாட்டாள். அந்தப் புத்தகங்களில் குறையும் உண்டு. வீட்டு வேலைக்கென்றே இருக்கும் எல்ஃபுகள் என்ற மந்திர உயிர்களில் பெரும்பாலானோர் விடுதலையே வேண்டாம் என்பதுபோல எழுதியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதையும் பிள்ளைகளோடு பேசலாம்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் மந்திரக் கதைகளை நிறுத்தவேண்டாம். முல்லைத்தீவுக் கடலும் முறிகண்டிக் காடும் வரும் கதைகளை எங்கள் பிள்ளைகளிடமே கேளுங்கள், எழுதுவார்கள். அடுத்த தடவை சூனியக்காரி வந்தால், அவளுக்கு என்ன நிறம் தீட்டுவது என்று படம் கீறுபவரோடு ஒருக்கால் பேசிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிளிநொச்சி