மின்னூல் கருவி வீட்டுக்கு வருகிறது: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முன்னாள் மாணவர்கள் வாங்கிக் கொடுத்த கிண்டில் கருவிகள் நம் பள்ளி நூலகத்துக்கு வந்துவிட்டன. பார்வைக் குறைவு உள்ளவர்கள், டிஸ்லெக்சியாவால் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்கள், கையில் பலம் இல்லாமல் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் திருப்ப முடியாதவர்கள் ஆகியோருக்கு முதலில் கொடுப்பது என்று ஆசிரியர்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். உங்கள் பிள்ளையும் அதில் ஒருவர். பெட்டியைப் பிரித்து அப்படியே கையில் கொடுத்தால் பத்து நாளில் அது பீரோவுக்குள் போய்விடும். பிள்ளைக்கு ஏற்றபடி அதை மாற்றி வைக்கத்தான் முதலில் நேரம் ஒதுக்க வேண்டும். எந்தப் புத்தகம் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

எழுத்தின் அளவிலிருந்து தொடங்குங்கள். ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எப்படிப் படிக்கிறான் என்பதைவிட முதுகைக் கவனியுங்கள். தலை திரையை நோக்கிக் குனிந்தால் எழுத்து போதவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கும்வரை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். பொடி எழுத்தில் இந்தப் பிள்ளைகளின் கண்ணுக்கு முதலில் தப்புவது மெய்யெழுத்தின் புள்ளி. அப்புறம் துணைக்காலும் 'ர'வும் ஒன்றாகத் தெரியும். பல நாளாக நாம் 'கவனக்குறைவு' என்று திட்டிய தவறுகளில் பாதி இந்த வகைதான்.

அதற்காக அளவை உச்சத்தில் வைத்துவிடாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சிறிய திரையில் வரிக்கு இரண்டு சொல் மட்டும் நின்றால், வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். அப்போது கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பும் அமைப்பைப் பயன்படுத்துங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்குப் பெரிய டேப்லெட்தான் சரி. தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வேறு வழி பார்ப்போம்.

எழுத்தின் தடிமனைக் கூட்டும் வசதியும் இருக்கிறது. இதில் ஒரு எச்சரிக்கை. நூலகத்தில் ஒத்திகை பார்த்தபோது ஒரு மாணவி 'மணம்' என்பதையெல்லாம் 'மனம்' என்றே படித்தாள். தடிமன் முழு அளவில் இருந்ததால் 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு படி குறைத்தோம், சரியாகிவிட்டது. ஆங்கிலத்துக்கு நன்றாக இருக்கும் தடிமன் சுழியும் வளைவும் நிறைந்த நம் எழுத்துக்கு ஒத்துவராது. வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுவது அதைவிட உதவும். வரி மாறிப் படிக்கும் பிள்ளைகளுக்கு முக்கியமாக.

டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்காக 'ஓப்பன் டிஸ்லெக்சிக்' என்று ஓர் எழுத்துரு இதில் இருக்கிறது. அதில் தமிழ் எழுத்துகள் கிடையாது, ஆங்கிலப் பாடத்துக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். சிலருக்குப் பிடிக்கிறது, சிலருக்கு ஒரு வித்தியாசமும் தெரிவதில்லை. பிடிக்காத பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

இந்தத் திரை போன் திரை மாதிரி கண்ணை நோக்கி ஒளி வீசாது. அச்சுத் தாளைப் போல வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில் தெரியும், அதனால் வெயிலில் உட்கார்ந்தும் படிக்கலாம். வெளிச்சம் பட்டாலே கண் கூசும் பிள்ளைகளுக்கு, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும்படி மாற்றிக்கொடுங்கள்.

சரி, இப்போது குரல். நம்மிடம் உள்ள கருவியில் வாய்ஸ்வியூ என்ற வசதி புத்தகத்தை வாசித்துக் காட்டும். கருவிக்கு ஒலிபெருக்கி இல்லை, புளூடூத் ஹெட்செட் வேண்டும். அந்தக் குரல் ஆங்கிலம்தான் வாசிக்கும், தமிழ் வாசிக்காது. தமிழுக்கு உங்கள் ஆண்ட்ராய்டு போன் போதும். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் டெக்ஸ்ட் டு ஸ்பீச் என்று போய், தமிழ்க் குரலைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் பேசும்.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. போனில் டாக்பேக் என்று ஒரு வசதி இருக்கிறது. திரையில் உள்ளதையெல்லாம் சொல்லிக்காட்டும் அது, பார்வை இல்லாதவர்களுக்கும் மிகக் குறைவாக உள்ளவர்களுக்குமானது. அதைப் போட்டதும் போனின் நடவடிக்கையே மாறிவிடும்: ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். தெரியாமல் போட்டுவிட்டு, போன் கெட்டுப்போனது என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போனவர்கள் உண்டு. பெரும்பாலான போன்களில் வால்யூம் பட்டன் இரண்டையும் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடித்தால் அது நின்றுவிடும். கண் தெரிந்து, படிக்க மட்டும் சிரமப்படும் பிள்ளைக்கு 'செலக்ட் டு ஸ்பீக்' போதும். வேண்டிய பத்தியைத் தொட்டால் அதை மட்டும் வாசிக்கும், வாசிக்கும் சொல்லை நிறம் மாற்றியும் காட்டும். காது கேட்க, கண் அந்தச் சொல்லின் மேல் போக, இரண்டும் சேர்ந்து நடப்பதுதான் டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்கு நல்லது. வெறுமனே கேட்டால் கதை புரியும், எழுத்துப்பிழை குறையாது.

குரலுக்கு எல்லாம் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உரைநடையை நன்றாக வாசிக்கும். செய்யுளை பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி ஒப்பிக்கும். சீர் பிரிப்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கணக்கையும் அட்டவணையையும் அதனிடம் விடாதீர்கள். செய்யுள் பகுதியைத் தமிழாசிரியர்களே தங்கள் குரலில் பதிவு செய்து தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"கேட்டுக்கிட்டே இருந்தா படிப்பு எப்படி சார் வரும்?" என்று சிலர் ஏற்கெனவே என்னிடம் கேட்டுவிட்டார்கள். வரும். எழுத்துக்கூட்டுவதிலேயே சக்தி முழுவதும் செலவாகிவிடும் பிள்ளைக்கு, பாடத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று யோசிக்க மிச்சம் இருப்பதில்லை. அறிவியல் பாடத்தைக் காதால் படித்துவிட்டு வகுப்பில் கேள்வி கேட்பவனை நான் படிக்காதவன் என்று சொல்ல மாட்டேன். பொதுத்தேர்வு தாளில்தானே நடக்கிறது என்றால், அதுவும் உண்மைதான். ஆனால் சொல்வதை எழுதுபவர் வைத்துத் தேர்வெழுதும் பிள்ளைக்கு, கேள்வியைக் காதால் வாங்கி மனதில் நிறுத்தும் பழக்கம் முன்கூட்டியே இருந்தால் பெரிய பலம். தானே எழுதப்போகும் பிள்ளைகளுக்கு, தாளில் எழுதும் பயிற்சியை நாங்கள் ஒருநாளும் நிறுத்தப்போவதில்லை.

புத்தகங்களுக்கு வருகிறேன். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாக பிடிஎஃப் வடிவில் கிடைக்கின்றன, உங்களுக்கே தெரியும். அவற்றை அப்படியே இந்தக் கருவியில் ஏற்றினால் ஒரு முழுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கும். எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பக்கத்தையே இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவில் இருக்கும் நூல்தான் எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகளைத் தானாக மடக்கிக்கொள்ளும். எங்கே நூல் எடுத்தாலும் இபப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் கருவிக்கு அது வெறும் படம், குரலிலிருந்து ஒரு சத்தமும் வராது. யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை வருவதற்கு முந்தைய பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் புரியாத மொழியில் ஏதோ உளறும். அது உங்கள் போனின் கோளாறு இல்லை.

கதை, கட்டுரை, வரலாறு என்று வாசிக்க ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இபப் வடிவிலேயே இலவச நூல்கள் இருக்கின்றன. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்களை இபப் ஆக இறக்கிக்கொள்ளலாம். 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் சங்க இலக்கியம் தொடங்கிப் பழைய நூல்கள் குவிந்து கிடக்கின்றன. அப்புறம் முக்கியமாக, சுகம்ய புஸ்தகாலயா. அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்காக 2016இல் மத்திய அரசு தொடங்கிய இணைய நூலகம் இது. கட்டணம் இல்லை, உறுப்பினராக மாற்றுத்திறனாளிச் சான்று வேண்டும். 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதும் (டிஸ்லெக்சியா இதில்தான் அடங்கும்) 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. 'என் மகனுக்குக் கண் நன்றாகத் தெரியுமே' என்று ஒதுங்க வேண்டாம். சான்று வாங்குவதைச் சில வீடுகளில் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறீர்கள். உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் தேர்வுச் சலுகைக்கும் மருத்துவச் சான்று தேவைப்படும். பத்தாம் வகுப்பில் கடைசி நேரத்தில் ஓடுவதைவிட இப்போதே வாங்கிவிடுவது நல்லது.

ஒரு சட்ட விஷயம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் கொண்டுவந்த திருத்தத்தால், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக லாப நோக்கமின்றி ஒரு நூலை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அதன்படிதான் நம் கணினி ஆசிரியர் சில துணைநூல்களை மாற்றிக் கொடுக்கிறார். அந்தச் சலுகை அந்தப் பிள்ளைகளுக்கு மட்டுமானது. நல்லெண்ணத்தில்கூட அந்தக் கோப்புகளை வாட்ஸாப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம். சார்ஜ் பல நாள் நிற்கும். குரலும் புளூடூத்தும் ஓடினால் சீக்கிரம் இறங்கும். இதன் திரை அழுத்தம் தாங்காது. புத்தகப் பையில் ஜாமெட்ரி பாக்ஸுக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவே செருகினால் திரையில் கோடு விழுந்துவிடும். தம்பி தங்கைகள் பிடுங்கிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். விளையாட ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவர்களே விட்டுவிடுவார்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கணினி அறையில் கருவிகளைக் கொடுக்கிறோம். பிள்ளையையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். அவர்களுக்கு எது வசதி என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை, அங்கேயே கேட்டு அமைத்துவிடலாம். போனை முழு சார்ஜில் கொண்டு வாருங்கள், தமிழ்க் குரலை அங்கேயே இறக்கித் தருகிறோம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் ஒரு நகல் வேண்டும். இல்லாதவர்கள் அன்றே என்னைப் பாருங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்து பூர்த்தி செய்வோம். வேலைக்குப் போகிறவர்கள் மாலை 4 மணிக்கு வந்தாலும் சரி, நான் பள்ளியில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்