உலாவியின் பெயரைக் கேட்காதீர்கள்

பொதுச் சேவை இணையதளத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் தளம் பயர்பாக்ஸ் உலாவியில் திறக்கவில்லை என்று நான் எழுதுவது இது மூன்றாவது முறை. முதல் இரண்டுக்கும் வந்த பதில் ஒன்றுதான்: "குரோமில் முயன்று பாருங்கள்." அதனால்தான் இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சென்ற வாரம், கடைசி நாளன்று, அம்மாவின் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்ப அவருடைய கணினி முன் உட்கார்ந்தேன். பழைய கணினி, லினக்ஸ் போட்டுக்கொடுத்தது நான்தான். "உங்கள் உலாவிக்கு ஆதரவு இல்லை" என்ற ஒற்றை வரி, சுற்றிலும் வெள்ளைத் திரை. சான்றிதழ்களை மடியில் அடுக்கி வைத்திருந்த அம்மா, "நான் எதையாவது தப்பாகத் தொட்டுவிட்டேனா?" என்று கேட்டார். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு உலாவியும் தளத்திடம் தன் பெயரைச் சொல்ல ஓர் அடையாள வரியை அனுப்பும். பயர்பாக்ஸ் தன்னைக் குரோம் என்று சொல்லிக்கொள்ளும்படி அந்த வரியை மட்டும் மாற்றினேன். அதே கணினி, அதே உலாவி. ஆறு பக்கப் படிவமும் தடங்கலின்றி நிரம்பியது, கோப்புகள் ஏறின, ஒப்புகைச் சீட்டும் வந்தது. குறை உலாவியில் இல்லை. வாசலில் நின்று பெயர் கேட்கும் உங்கள் நிரலில் இருக்கிறது. எனக்கு இந்த வழி தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் அன்றிரவு என்ன செய்திருப்பார்கள்? தயவுசெய்து அந்தப் பெயர்ச் சோதனையை எடுத்துவிடுங்கள்.

தொண்ணூறுகளில் தளங்கள் இப்படி வடிகட்டியதால்தான் உலாவிகள் வேற்றுப் பெயர் பூணத் தொடங்கின. இன்றும் குரோமின் அடையாள வரியில் 'மொசில்லா', 'சஃபாரி' இரண்டும் இருக்கின்றன. பிறகு மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் என்ற தொழில்நுட்பத்தை நம்பி, அந்நிறுவனத்தின் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மட்டுமே தளம் கட்டினார்கள். 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த உலாவிக்கு விடைகொடுத்தபோது, அவர்களெல்லாம் அதன் புதிய எட்ஜ் உலாவிக்குள் இருக்கும் எக்ஸ்புளோரர் முறையை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரே உலாவிக்குத் தளம் கட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு வசதி தேவையென்றால், அது இருக்கிறதா என்று உலாவியிடமே கேட்கலாம். பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பெரும்பாலும் ஒரு வரி போதும், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் அதற்கென்றே விதி உண்டு. உலாவிகளுக்குள் இருந்து பக்கங்களைக் காட்டும் முக்கிய இயந்திரங்கள் குரோமின் பிளிங்க், பயர்பாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட் என மூன்றுதான். வெளியிடும் முன் மூன்றிலும் படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு அம்மா இதே விண்ணப்பத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் பெயர்ச் சோதனையை நீக்கிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவராகவே நிரப்ப ஆசைப்படுகிறார்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தின் பயனர் ஒருவர்